கீழப்பாவூர் அத்தையும் விழாத பிளேனும்

கீழப்பாவூரில் விமான நிலையம் கிடையாது. ரயில் ஏறுவதற்கே பாவூர்சத்திரம் வர வேண்டும். பதினாறு கை நரசிம்மர் இருக்கிறார். குளம் இருக்கிறது, வயல் இருக்கிறது, திண்ணையில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள், மேற்கே திரும்பினால் குற்றாலத்து மலை தெரிகிறது. ஆனால் எங்கள் தெருவில் காலை பத்து மணிக்கு நின்று காதைக் கொடுத்தால், ஷார்ஜா, தோஹா, மஸ்கட், ரியாத் என்று நாலு வீட்டில் வாட்ஸப் சத்தம் கேட்கும். "வெயில் எப்படி இருக்கு?" "அடுப்பு மாதிரி இருக்கும்மா." "இங்க சாரல் அடிக்குலே, ஜன்னலைக்கூடத் தொறக்க முடியல." அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. தினம் இதே வசனம்தான்.

2025 ஜூலையில் நான் போனதும் அந்தச் சாரலுக்காகத்தான். சென்னையில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கிளெய்ம் ஃபைல் தள்ளுகிற உத்தியோகம். நாலு நாள் லீவு. எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி, தென்காசியில் இறங்கி, பஸ் பிடித்து, பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்குப் போகிற காய்கறி லாரிகளுக்கு நடுவே சந்தில் நுழைந்து அத்தை வீடு போய்ச் சேர்ந்தால், வீடு இழவு வீடு மாதிரி இருந்தது.

விஷயம் இதுதான். அத்தை மகனுக்கு ஷார்ஜாவில் வேலை. ஏ.சி. மெக்கானிக். விசா வந்தாச்சு. அத்தையின் இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயாச்சு. இந்த நேரம் பார்த்து ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்தது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒரே ஒருவர் பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 சாவு. அத்தை அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தவள், எழுந்திருக்கும்போது தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "எம்புள்ள பிளேன் ஏறப்படாது. சங்கிலி போனா போவுது."

மாமா சமாதானம் பேசி, அண்டை வீட்டார் பேசி, கடைசியில் அத்தை ஒரு படி இறங்கி வந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தப் படியைச் சொன்னாள்.

"ஏய்யா, நீ இன்சூரன்சு ஆபீசுலதான இருக்க. உனக்குத் தெரியாமலா இருக்கும்? எந்த நாட்டுக்காரன் பிளேனு விழாது? அத மட்டும் சொல்லிரு. அதுல அனுப்புதேன்."

டிக்கெட் சொந்தச் செலவு. திருவனந்தபுரத்திலிருந்து போக இரண்டு கம்பெனி பார்த்து வைத்திருந்தான் மாப்பிள்ளை. ஒன்று நம் நாட்டுக் கம்பெனி. இன்னொன்று அரபு நாட்டுக் கம்பெனி, நாலாயிரம் ரூபாய் அதிகம். சங்கிலியை அடகு வைத்த வீட்டில் நாலாயிரம் என்பது நாலாயிரம்தான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது.

அத்தையின் கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்லூரிப் பேராசிரியர் ஆர்னால்ட் பார்னெட் என்பவர் பல வருஷமாக இதே கேள்வியைத்தான் கேட்டுக் கணக்குப் போட்டு வருகிறார். 2018 முதல் 2022 வரை உலகம் முழுக்கப் பார்த்தால், 1 கோடியே 37 லட்சம் தடவை பயணி ஏறினால் ஒரு சாவு என்பது அவர் கணக்கு. 1968-77 காலத்தில் இது மூன்றரை லட்சத்துக்கு ஒன்று. அதாவது இன்றைய நிலவரப்படி தினம் ஒரு பிளேன் ஏறினாலும், எமன் டிக்கெட் கிழிக்கச் சராசரியாக முப்பத்தேழாயிரம் வருஷம் ஆகும். அதற்குள் பென்ஷனே வாங்கி முடித்துவிடலாம்.

ஆனால் இது சராசரி. அதே பேராசிரியர் நாடுகளை மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார். முதல் வகுப்பில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியாவோடு சீனாவும் இருக்கிறது. இரண்டாம் வகுப்பில் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, கத்தார், ஐக்கிய அரபு எமிரேட்ஸ். மற்றவை மூன்றாம் வகுப்பு. அந்த மூன்றாம் வகுப்பில் ஆபத்து முதல் வகுப்பைவிட முப்பத்தாறு மடங்கு. வானம் எல்லாருக்கும் ஒன்றுதான். போயிங்கும் ஏர்பஸ்ஸும் எல்லா நாட்டுக்கும் ஒரே விமானத்தைத்தான் விற்கிறார்கள். அப்புறம் எப்படி முப்பத்தாறு?

பணம், மலை, மழை, பழைய விமானம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். எல்லாம் உண்மைதான், பாதி உண்மை. நான் ஆபீஸில் வெட்டி நேரத்தில் (உண்டு, உண்டு) விபத்து அறிக்கைகளைப் படிக்கிற ஆசாமி. படித்த வரைக்கும் எனக்குத் தோன்றுவதைச் சொல்ல, மறுநாள் தென்காசியிலிருந்து திரும்பி வந்த பஸ்ஸே போதும்.

பஸ்ஸில் டிரைவர் ஐம்பது வயசு அண்ணாச்சி. முறுக்கு மீசை. கண்டக்டர் மீசை முளைத்துக்கொண்டிருக்கிற தம்பி. பேச்சில் டிரைவரை 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்று அப்படி ஒரு மரியாதை. ஆனால் ஒரு விசில் கொடுத்தால் அண்ணாச்சி பிரேக்கை மிதிக்கிறார். ஏன், எதற்கு, உனக்கென்ன தெரியும் என்று கேட்பதில்லை. இரண்டு விசில் வரும்வரை வண்டி நகராது. ஃபுட்போர்டில் யார் தொங்குகிறார்கள் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாது, தம்பிக்குத்தான் தெரியும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

விமானத்தின் முன் அறையிலும் இரண்டு பேர். கேப்டன், கோ-பைலட். அங்கேயும் ஒரு விசில் உண்டு. அதற்கு 'கோ அரவுண்ட்' என்று பெயர். இறங்குவது சரியில்லை, மேலே ஏற்று, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வருவோம் என்று அர்த்தம்.

2010 மே 22. துபாயிலிருந்து மங்களூர் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். கேப்டன் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர், செர்பியாக்காரர். வழியில் நன்றாகத் தூங்கியிருக்கிறார்; குறட்டைச் சத்தம் கறுப்புப் பெட்டியில் பதிவாகியிருக்கிறது. எழுந்து இறக்கும்போது விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு ரொம்ப மேலே. கோ-பைலட் 'கோ அரவுண்ட்' என்று சொல்கிறார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. கேப்டன் கேட்கவில்லை. மங்களூர் ஓடுதளம் குன்றின் தலையைச் சீவி மேஜை மாதிரி போட்டது. கோட்டைத் தாண்டினால் பள்ளம். 158 பேர் போனார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள்.

சரி, வெளிநாட்டுக் கேப்டன், தூக்கக் கலக்கம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 7. துபாயிலிருந்து கோழிக்கோடு. அதே கம்பெனி, அதே மாதிரி மேஜை ஓடுதளம். இந்தத் தடவை கேப்டன் நம்மவர், விமானப்படையில் இருந்தவர், எல்லாரும் மதித்த மனிதர். கொட்டும் மழை, பின்னாலிருந்து தள்ளுகிற காற்று. ஓடுதளத்தில் பாதி தூரம் போனபிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள், இரண்டு பைலட்டுகளும் சேர்த்து. விசாரணை அறிக்கையைத் திறந்தால் அதே வரி: கோ-பைலட் 'கோ அரவுண்ட்' சொன்னார், கேப்டன் ஏற்றவில்லை, கோ-பைலட்டும் கன்ட்ரோலைத் தன் கையில் எடுக்கவில்லை.

அந்த இடத்தில் நான் ஃபைலை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். விசில் ஊதப்பட்டிருக்கிறது ஸார். இரண்டு தடவையும் ஊதப்பட்டிருக்கிறது. பிரேக்தான் மிதிக்கப்படவில்லை.

நீங்களும் நானும் சிரிப்பதற்கு யோக்கியதை இல்லை. மாதக் கடைசி மீட்டிங்கில் மேனேஜர் ஸ்க்ரீனில் ஒரு டோட்டல் போடுகிறார். ஒரு சைபர் அதிகம். அறையில் பன்னிரண்டு பேருக்கும் தெரியும். யார் சொல்வது? தொண்டையைச் செருமி, "ஸார், எனக்கு ஒரு சின்ன டவுட்... என் கால்குலேட்டர்ல ஏதோ தப்புன்னு நினைக்கிறேன்..." என்று சுற்றி வளைத்துச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடும். ஆபீஸில் பரவாயில்லை, சைபர்தான். நாலாயிரம் அடி உயரத்தில் "எனக்கு ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பித்தால் முடிக்க நேரம் இருக்காது.

இது ஆசிய ரத்தம், மரியாதைப் பண்பாடு, மாற்ற முடியாது என்று வெள்ளைக்காரர்கள் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. உலகத்திலேயே பெரிய விபத்து நடந்தது ஐரோப்பியக் கேப்டன் கையில்தான். 1977 மார்ச் 27, டெனரிஃபே தீவு, மூடுபனி. ஹாலந்து நாட்டு கே.எல்.எம். கம்பெனியின் மிக மூத்த கேப்டன், அனுமதி வருவதற்குள் கிளப்பிவிட்டார். எதிரே பான் அமெரிக்கன் ஜம்போ இன்னும் ஓடுதளத்தில் நிற்கிறதோ என்று பின்னாலிருந்த என்ஜினியர் கேட்டார். "போயாச்சு" என்றார் கேப்டன். 583 பேர். அதற்குப் பிறகுதான் அமெரிக்காவில் கேப்டன்களை உட்கார வைத்து, சின்னவன் சொல்வதைக் கேட்பது எப்படி என்று பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். 1981-இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் முறையான வகுப்பாகவே தொடங்கியது. மரியாதை தெரியாத நாடு என்று நாம் நினைக்கிற ஊரிலேயே அதற்கு வகுப்பு தேவைப்பட்டது.

கொரியாக்காரர்கள் கதை இன்னும் சுவாரஸ்யம். 1997 ஆகஸ்ட் 6-ஆம் தேதி குவாம் தீவில் கொரியன் ஏர் ஜம்போ மலையில் மோதி 228 பேர் இறந்தார்கள். கேப்டன் இறக்கிய முறை தவறு, கூட இருந்த இரண்டு பேரும் சரியாகக் கண்காணித்துத் தட்டிக் கேட்கவில்லை என்றது அறிக்கை. 1999-இல் டெல்டா போன்ற கூட்டாளிக் கம்பெனிகள் "உங்களோடு சேர்ந்து டிக்கெட் விற்கமாட்டோம்" என்று ஒதுங்கிக்கொண்டன. ரோஷம் வந்தது. 2000-இல் டெல்டாவிலிருந்தே ஓர் ஆளைக் கூட்டிவந்து பைலட் பிரிவை ஒப்படைத்தார்கள். விமானத்துக்குள் பேச்சு இங்கிலீஷில் என்று அழுத்திப் பிடித்தார்கள். கொரிய மொழியில், நம் ஊர் மாதிரியே, பெரியவரிடம் பேச ஒரு கிரியை, சின்னவனிடம் பேச ஒரு கிரியை. "தாங்கள் கொஞ்சம் மேலே ஏற்றினால் நன்றாயிருக்குமோ" என்று இழுப்பதற்குள் மலை வந்துவிடும். இங்கிலீஷில் எல்லாருக்கும் 'யூ'தான். 1999-க்குப் பிறகு அந்தக் கம்பெனியின் விமான விபத்தில் ஒரு பயணிகூடச் சாகவில்லை. ரத்தம் அதே ரத்தம்தான்.

அதற்காகக் கொரிய வானம் பத்திரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2024 டிசம்பர் 29-இல் அங்கே முவான் விமான நிலையத்தில் வேறொரு கம்பெனி விமானம் சக்கரம் இல்லாமல் இறங்கி, ஓடுதள முடிவில் ஆன்டெனாவைத் தாங்குவதற்காகக் கட்டியிருந்த கான்கிரீட் மேட்டில் மோதி 179 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் கான்கிரீட் எதற்கு என்று யாராவது ஒரு சின்ன என்ஜினியர் எப்போதாவது கேட்டிருக்கலாம் அல்லவா?

அங்கேதான் இரண்டாவது விசில் வருகிறது. கம்பெனிக்கு விசில் ஊத அரசாங்கத்தில் ஆள் வேண்டும். நம் நாட்டில் அது டி.ஜி.சி.ஏ. 2014 ஜனவரியில் அமெரிக்கா நம்மை இரண்டாம் தரத்துக்கு இறக்கியது பலருக்கு மறந்திருக்கும். நம் விமானமோ பைலட்டோ மட்டம் என்பதல்ல குற்றச்சாட்டு. பரிசோதிக்கிற பயிற்சி பெற்ற இன்ஸ்பெக்டர்கள் போதவில்லை என்பது. அவசர அவசரமாக ஆள் எடுத்தார்கள். 2015 ஏப்ரலில் மறுபடி முதல் தரம். 2022-இல் ஐ.நா.வின் விமான அமைப்பு வந்து சோதித்தபோது 85 சதவிகிதத்துக்கு மேல் மார்க். முன்பு 70-க்குக் கீழே. நல்ல முன்னேற்றம் என்று தட்டிக்கொடுக்கலாம். ஆனால் 2025-இல் நாடாளுமன்ற நிலைக்குழு பார்த்தபோது அதே டி.ஜி.சி.ஏ.வில் அனுமதித்த பணியிடங்களில் பாதி அளவுக்குக் காலி. விமானங்கள் ஆர்டர் நூறு நூறாகப் போகிறது. நோட்டு திருத்துகிற வாத்தியார் மட்டும் பாதி.

நேபாளத்தில் இன்னொரு வேடிக்கை. விமான நிலையங்களை நடத்துவதும் விமானப் பாதுகாப்பைக் கண்காணிப்பதும் ஒரே அலுவலகம் என்று வெகுகாலப் புகார். பரீட்சை எழுதுகிறவனே பேப்பர் திருத்துவது. மலை, மேகம் எல்லாம் அங்கே கொடுமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2013-இல் ஐரோப்பா நேபாள விமானக் கம்பெனிகள் அத்தனையையும் தடைப் பட்டியலில் போட்டபோது மலையைக் குற்றம் சொல்லவில்லை. மலை ஸ்விட்சர்லாந்திலும் இருக்கிறது.

இதற்கு எதிர்க்கட்சி வாதமும் ஒன்று உண்டு, அதை மறைத்தால் பாவம். 2018 அக்டோபரில் இந்தோனேஷியாவில் ஒரு போயிங் 737 மேக்ஸ், ஐந்தே மாதத்தில் எத்தியோப்பியாவில் இன்னொன்று. மொத்தம் 346 பேர். முதல் விபத்து நடந்தவுடன் பணக்கார நாட்டு நிபுணர்கள் சிலர், "அந்த ஊர் பைலட், அந்த ஊர் மெயின்டனன்ஸ்" என்று உதட்டைப் பிதுக்கினார்கள். தோண்டிப் பார்த்தால், ஒரே ஒரு சென்சார் பொய் சொன்னாலும் விமானத்தின் மூக்கைக் கீழே அழுத்துகிற ஒரு சாஃப்ட்வேர். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியது. அதைப் பற்றிப் பைலட்டுகளுக்குப் புத்தகத்தில் சொல்லவே இல்லை. ஆக, நாட்டின் பெயரைப் பார்த்து மார்க் போடுகிறவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அத்தை உட்பட.

வகுப்பு மாறிய நாடு எது என்று மாப்பிள்ளை கேட்டான். சீனா. 1994-இல் சியான் நகரத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம் கொஞ்ச நேரத்திலேயே உடைந்து 160 பேர் இறந்தார்கள். மெயின்டனன்ஸில் இரண்டு ஒயரை மாற்றிச் சொருகியிருந்தார்கள். அந்தக் காலத்தில் சீன விமானம் என்றால் வெளிநாட்டவர் வயிற்றில் புளி கரையும். அப்புறம் சட்டம், சிமுலேட்டர், கண்டிப்பான ஆடிட் என்று உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். 2010 ஆகஸ்ட் முதல் 2022 மார்ச் வரை அங்கே பெரிய விமான விபத்தே கிடையாது. பதினொரு வருஷத்துக்கு மேல்!

"சாவாத விபத்தும் கணக்குல வருமா அத்தான்?" என்றான் அடுத்தபடியாக. நல்ல கேள்வி. பையன் பிழைத்துக்கொள்வான்.

வராது. அதுதான் சிக்கல். திருச்சியையே பாருங்கள். 2018 அக்டோபர் 12, நள்ளிரவு தாண்டி, 136 பேரோடு துபாய் கிளம்பிய விமானம், ஏர்போர்ட் காம்பவுண்டு சுவரை உடைத்துக்கொண்டு மேலே போனது. கேப்டனின் சீட் முதுகு திடீரென்று சரிந்து, அந்தக் குழப்பத்தில் என்ஜின் வேகம் குறைந்ததை இருவரும் கவனிக்கவில்லை என்பது பின்னால் வந்த விசாரணை. சுவர் உடைந்ததைத் தரையில் இருந்தவர்கள் பார்த்துச் சொல்ல, விமானமோ "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று அரபிக் கடல்வரை போய், பிறகு மும்பைக்குத் திருப்பி இறக்கப்பட்டது. அடிவயிறு கிழிந்திருந்தது. யாரும் சாகவில்லை. புள்ளிவிவரத்தில் பூஜ்யம்.

ஆறு வருஷம் கழித்து, 2024 அக்டோபர் 11. அதே திருச்சி. ஆயுத பூஜை. அன்றைக்கும் நான் ஊரில் இருந்தேன். பாவூர்சத்திரம் டீக்கடையில் பூசணிக்காய் உடைத்த குங்குமத் தண்ணீர் காயவில்லை. அத்தனை பேரும் டி.வி.யைப் பார்த்து வாய் பிளந்து நிற்கிறார்கள். ஷார்ஜா போக வேண்டிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. 140-க்கும் மேற்பட்ட பயணிகள். அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடுகிற வசதி இல்லை. எரித்துத்தான் எடையைக் குறைக்க முடியும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் புதுக்கோட்டைப் பக்கம் சுற்று சுற்றென்று சுற்றி, எட்டே கால் மணிவாக்கில் பூ மாதிரி இறக்கினார்கள். கடையில் ஒரே கைத்தட்டல். கடைக்காரர் டீயை ஓசியில் கொடுத்தாரோ என்றால் இல்லை. அதுவும் புள்ளிவிவரத்தில் பூஜ்யம்தான். இரண்டு பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம், அந்தச் சுவருக்கும் அந்தக் கைத்தட்டலுக்கும் உள்ள வித்தியாசம்.

நல்ல ரெக்கார்டு வைத்திருக்கும் நாடுகள் இந்தப் பூஜ்யங்களைத்தான் சேகரிக்கின்றன. 1974 டிசம்பர் 1-ஆம் தேதி வாஷிங்டன் பக்கத்தில் ஒரு டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். பிறகு தெரிந்தது: ஆறு வாரத்துக்கு முன்னால் யுனைடெட் விமானம் ஒன்று அதே இடத்தில் அதே குழப்பத்தில் மயிரிழையில் தப்பியிருக்கிறது. தன் பைலட்டுகளுக்கு மட்டும் அந்தக் கம்பெனி எச்சரிக்கை சொன்னது. பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லவில்லை. 1976-இல் 'நாசா'விடம் ஒரு தபால் பெட்டி மாதிரி ஏற்பாடு செய்தார்கள். பைலட்டோ மெக்கானிக்கோ தங்கள் தவறை எழுதிப் போடலாம். பெயர் வெளியே வராது, மெமோ வராது. இன்றுவரை இருபது லட்சம் கடிதங்களுக்கு மேல். நம் ஆபீஸ்களில் இப்படி ஒரு பெட்டி வைத்தால் முதல் நாளே யார் கையெழுத்து என்று கண்டுபிடிக்க ஒரு கமிட்டி போடுவார்கள்.

இத்தனையும் திண்ணையில் உட்கார்ந்து சொல்லி முடித்தபோது மாமா தூங்கிவிட்டார். அத்தை தூங்கவில்லை.

"அப்ப அகமதாபாத்துல என்ன ஆச்சு? அதச் சொல்லு."

அப்போதுதான் முதல்கட்ட அறிக்கை வந்திருந்தது. கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு என்ஜினின் எரிபொருள் ஸ்விட்சும் அடுத்தடுத்து 'கட்-ஆஃப்' நிலைக்குப் போயின என்றது அறிக்கை. ஏன் போயின என்று அது சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அத்தை ரொம்ப நேரம் நரசிம்மர் கோயில் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நானே முடிவைச் சொன்னேன். நம் நாடும் அந்த அரபு நாடும் பேராசிரியர் கணக்கில் ஒரே வகுப்பு. நாலாயிரம் கூடுதலாகக் கொடுத்து வாங்குகிற பாதுகாப்பு ஒன்றும் அதில் எனக்குத் தெரியவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து போன எமிரேட்ஸ் விமானமே 2016 ஆகஸ்ட் 3-இல் துபாயில் இறங்கும்போது விழுந்து எரிந்தது. கோ அரவுண்ட் போனார்கள், ஆனால் என்ஜின் வேகம் எடுத்ததா என்று இருவரும் பார்க்கவில்லை. 300 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஒரு தீயணைப்பு வீரர்தான் பலி. (உள்ளே புகை சூழ்ந்து நிற்க, நம் ஆட்கள் மேலே இருந்த பையை எடுத்துக்கொண்டிருந்த வீடியோவை உலகமே பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. 2024 ஜனவரி 2-இல் டோக்கியோவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் பைகளை விட்டுவிட்டு இறங்கியதையும் அதே உலகம்தான் பார்த்தது. அந்தக் கம்பெனி 1985-இல் 520 பேரைப் பலிகொடுத்த விமானத்தின் உடைந்த பாகங்களை 2006-இலிருந்து ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைத்து, ஊழியர்களை அழைத்துப்போய்க் காட்டிப் பயிற்சி கொடுக்கிறது.)

"டிக்கெட்டை நாட்டைப் பார்த்து எடுக்காதீங்க அத்தே. நேரத்தைப் பார்த்து எடுங்க. ராத்திரி ரெண்டு மணி பிளேன்னா, புளியரை வளைவையும் ஆரியங்காவையும் இருட்டுல மழையில தாண்டணும். 2022-ல மட்டும் நம்ம நாட்டு ரோட்டுல 1,68,491 பேர் செத்துருக்காங்க. பிளேன் இல்ல, ரோடு."

நாலாயிரம் குறைந்த கம்பெனியிலேயே மாலை நேர விமானம் ஒன்று அகப்பட்டது. பகலில் வேன். 

வழியில் குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டுத்தான் போவேன் என்று மாப்பிள்ளை அடம். மெயின் அருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. ஒரு இளம் போலீஸ்காரர் விசிலோடு நிற்கிறார். வெள்ளைக் காரில் வந்த ஒரு பெரிய மனிதர், "தம்பி, அஞ்சே நிமிஷம், நான் யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். பழைய குற்றாலத்தில் 2024 மே மாதம் திடீர் வெள்ளம் ஒரு மாணவனைக் கொண்டுபோனதிலிருந்து இங்கே கெடுபிடி அதிகம். போலீஸ்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்து, ஒரு வார்த்தை பேசாமல், விசிலை வாயில் வைத்து ஊதினார். பெரிய மனிதர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காருக்குத் திரும்பினார். மாப்பிள்ளையும்தான்.

புளியரை, ஆரியங்காவு, பதிமூன்று கண் பாலம், தென்மலை, குளத்துப்புழை, நெடுமங்காடு. ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் டிரைவர் ஒரு கையில் போனோடு இரண்டு லாரியை ஓவர்டேக் செய்தபோது, பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை சத்தமாக, "அண்ணாச்சி, கோ அரவுண்டு!" என்றான். டிரைவருக்குப் புரியவில்லை. ஆனாலும் போனை வைத்துவிட்டார்.

ராத்திரி ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது.

"எறங்கியாச்சு அத்தான். சக்கரம் தொட்டதும் மொத்தப் பேரும் எந்திச்சு மேல பெட்டியத் தொறந்துட்டான். அந்தப் பிள்ள மைக்குல கத்துது, ஒருத்தன் உக்காரல. நான் மட்டும் பெல்ட்டப் போட்டுக்கிட்டு உக்காந்தே இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடைசி ஆளா எறங்குனேன். ஏர்போர்ட் பஸ்ஸுல சீட்டு கெடைக்கல, நின்னுக்கிட்டே வந்தேன்."